மருந்து கம்பெனி கை மாறினால் எதிர்மனு போடப்போவது யார்?

அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்தால் எங்கள் வீட்டில் ஸ்டெமடில்தான். மெடிக்கல் ஷாப்பில் சீட்டுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அத்தனை பழகிய மாத்திரை. அந்த ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பொடி எழுத்தில் கம்பெனி பெயர் இருக்கும். ஒரு காலத்தில் அங்கே பிரமல் என்று இருந்தது, இப்போது அபாட் என்று இருக்கிறது. 2010 மே மாதம் மும்பையின் பிரமல் ஹெல்த்கேர் தன்னுடைய உள்நாட்டு மாத்திரை வியாபாரத்தை, ஸ்டெமடில், ஃபென்செடில் போன்ற பிராண்டுகள், இமாச்சலப் பிரதேசத்தின் பத்தி (Baddi) ஊரில் உள்ள தொழிற்சாலை, ஆயிரக்கணக்கான மெடிக்கல் ரெப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து, 372 கோடி டாலருக்கு அமெரிக்காவின் அபாட்டிடம் விற்றது. வருட விற்பனையைப் போல ஏறக்குறைய 9 மடங்கு விலை. அந்த ஒரே கையெழுத்தில் இந்திய மருந்துச் சந்தையில் முதலிடம் அபாட்டுக்குப் போனது.

ஆனால் மாத்திரை அதே மாத்திரை, எழுதித் தருகிற டாக்டரும் அவரேதான். அம்மாவுக்கு அந்த மாற்றம் தெரியவே தெரியாது. அப்படியென்றால் அன்றைக்கு டெல்லியில் அமைச்சகங்கள் ஒன்றோடு ஒன்று ஏன் அத்தனை மோதிக்கொண்டன, நாடாளுமன்றக் குழு ஏன் ‘இதை அடியோடு நிறுத்துங்கள்’ என்று எழுதியது என்ற கேள்வி வருகிறது. உள்நாட்டுக் கம்பெனியை வெளிநாட்டான் வாங்கினால் எந்த நாட்டிலும் சத்தம் வரும், அதில் பாதி கொடியைப் பற்றிய சத்தம். மருந்து விஷயத்தில் மற்றப் பாதி என்ன என்பதைத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் அந்தப் பாதியின் ஒரு பெரிய பகுதி சென்னையில் நடந்தது, நம் ஊரில் அது பலருக்குத் தெரியவில்லை.

முதலில் இந்தக் கம்பெனிகள் எப்படி வந்தன என்று பார்க்க வேண்டும். சுதந்திரம் வந்தபோது மருந்துக்கான காப்புரிமை (பேட்டன்ட்) 1911ல் பிரிட்டிஷார் போட்ட சட்டத்தின்படிதான் நடந்தது, சந்தையின் பெரும்பங்கு வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் இருந்தது. இதை ஆராய நியமிக்கப்பட்டவர் நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார், சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர், பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். 1959ல் அவர் கொடுத்த அறிக்கைதான் 1970 காப்புரிமைச் சட்டத்துக்கு அடித்தளம். அந்தச் சட்டம் சொன்னது எளிமையான விஷயம்: மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைத் தயாரிக்கிற முறைக்கு மட்டும்தான், அதுவும் சில வருடங்களுக்கு மட்டும். ஒருவர் கண்டுபிடித்த மருந்தை இன்னொருவர் வேறு வழியில் தயாரிக்கலாம். 1972ல் இது நடைமுறைக்கு வந்த பிறகு ரான்பாக்ஸி, சிப்லா போன்ற கம்பெனிகள் மளமளவென்று வளர்ந்தன. உலகத்தின் எந்தப் புது மருந்தையும் நான்கைந்து வருடத்தில் வேறு ரசாயன வழியில் செய்துகாட்டுகிற வேதியியலாளர்கள் ஒரு தலைமுறையே உருவானார்கள். 2001ல் எய்ட்ஸ் மருந்துக் கலவைக்கு உலகச் சந்தையில் ஒரு நோயாளிக்கு வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேல் ஆனபோது, சிப்லாவின் யூசுஃப் ஹமீத் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதை 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். ஆப்பிரிக்காவில் எத்தனையோ பேரின் உயிர் அந்த விலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி 2005 ஜனவரி 1 முதல் மருந்துக்கே காப்புரிமை தர வேண்டியதாயிற்று. ஆனால் நம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தும்போது இரண்டு கதவுகளைத் திறந்து வைத்தது. ஒன்று, பழைய மருந்தையே லேசாக மாற்றிப் புதிது என்று காப்புரிமை கேட்டால் மறுக்கலாம் என்கிற பிரிவு 3(டி). இன்னொன்று, காப்புரிமை கொடுப்பதற்கு முன்பே யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை மனு, அதாவது எதிர்மனு, போடலாம் என்கிற வசதி. இந்த இரண்டாவது கதவைத்தான் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோவார்ட்டிஸ் கம்பெனியின் கிளிவெக் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. மாதத்துக்கு 1,20,000 ரூபாய் என்பது அதன் விலை, இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. கிளிவெக்குக்கான காப்புரிமை விண்ணப்பம் 1998லேயே சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் போடப்பட்டு, அப்போது மருந்துக்குக் காப்புரிமை இல்லாததால் 2005 வரை உறையிலேயே கிடந்தது. உறை பிரிந்ததும் ஐந்து ஆட்சேபணைகள் வந்தன. ஒன்று புற்றுநோயாளிகளுக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு அமைப்பு போட்டது. மற்ற நான்கும் கம்பெனிகள் போட்டவை: நாட்கோ, சிப்லா, ஹெட்டெரோ, ரான்பாக்ஸி. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. நோவார்ட்டிஸ் பிரிவு 3(டி)யே செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, 2007ல் அந்த மனு தள்ளுபடியானது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது.

அந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். நான்கு கம்பெனிகளும் தங்கள் லாபத்துக்காகத்தான் மனு போட்டன, அதில் சந்தேகமே இல்லை. காப்புரிமை கிடைத்துவிட்டால் அவர்களுடைய மாத்திரை விற்பனை நின்றுபோகும். ஆனால் அவர்களுடைய அந்த லாப ஆசைதான் ஏழை நோயாளிக்கும் பாதுகாப்பாக நின்றது. வக்கீலுக்குக் காசு, வேதியியல் ஆதாரம் தேடி எடுக்க ஆட்கள், வருடக்கணக்காக வழக்கை இழுத்துப் பிடிக்கத் தெம்பு, இதெல்லாம் ஒரு பெரிய உள்நாட்டுக் கம்பெனியிடம் இருக்கும், தொண்டு அமைப்புகளிடம் எப்போதும் இருக்காது.

மனு போட்ட மூன்றாம் வருடம், 2008 ஜூன் மாதம், அந்த நால்வரில் ஒன்றான ரான்பாக்ஸி, அன்றைக்கு இந்தியாவின் மிகப் பெரிய மருந்து கம்பெனி, ஜப்பானின் டாய்ச்சி சாங்கியோவுக்கு விற்கப்பட்டது. பங்கு ஒன்றுக்கு 737 ரூபாய், மொத்தம் 460 கோடி டாலர். டாய்ச்சி புது மருந்து கண்டுபிடித்துக் காப்புரிமையில் பிழைக்கிற கம்பெனி. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அவர்களுடைய தொழில் அது. ஆனால் காப்புரிமையால் வாழ்கிற தாய்க் கம்பெனியின் கீழே இருக்கிற ஒரு கம்பெனி, நாளைக்கு இன்னொரு பன்னாட்டு கம்பெனியின் காப்புரிமையை உடைக்க அத்தனை வேகமாகக் கிளம்புமா? கட்டடம், இயந்திரம், வேலையாட்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கலாம். எதிர்மனு போடலாமா வேண்டாமா என்று முடிவு எடுக்கிற மேசை மட்டும் வேறு ஊருக்குப் போய்விடுகிறது. என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரத்தின் மையமே இதுதான்.

அந்தக் காலத்தில் இது ஒன்றுக்குப் பின் ஒன்றாக நடந்தது. 2006ல் ஹைதராபாதின் மேட்ரிக்ஸ் அமெரிக்காவின் மைலனுக்கு, 2008ல் டாபரின் புற்றுநோய் மருந்துப் பிரிவு ஜெர்மனியின் ஃப்ரெசீனியஸ் காபிக்கு, 2009ல் மலிவு விலை ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைச் செய்துகாட்டிய சாந்தா பயோடெக்னிக்ஸ் பிரான்ஸின் சனோஃபிக்கு, 2010ல் பிரமல். நம் பக்கத்தில் சென்னையின் ஆர்க்கிட், தன்னுடைய ஊசி மருந்துப் பிரிவை 40 கோடி டாலருக்கு அமெரிக்காவின் ஹோஸ்பிராவிடம் கொடுத்தது.

டெல்லியில் சண்டை எப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘அரசாங்கம் விற்றுவிட்டது’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம், அரசாங்கம் என்று ஒரே ஆள் அங்கே இல்லை. சுகாதார அமைச்சகத்துக்குத் தடுப்பூசித் திட்டமும் மருந்து விலையும்தான் கவலை, அது கட்டுப்பாடு வேண்டும் என்றது. வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருந்த தொழில் கொள்கைத் துறையும் அதே பக்கம் நின்றது. நிதி அமைச்சகமும் திட்டக் குழுவும் எதிர்ப்பக்கம்: டாலர் வர வேண்டும், இன்றைக்கு மருந்துக்குக் கதவை மூடினால் நாளைக்கு எல்லா முதலீட்டாளரும் தயங்குவான் என்று சொன்னார்கள். இன்னொரு வாதமும் இருந்தது, அதை நானும் ஒதுக்கிவிட மாட்டேன். டாடா 2007ல் பிரிட்டனின் கோரஸ் இரும்பாலையை வாங்கியபோது நாம் கைதட்டினோம், ரான்பாக்ஸியே 2006ல் ருமேனியாவின் தெராப்பியாவை வாங்கியிருந்தது. நாம் வாங்கப் போகும்போது கதவு திறந்திருக்க வேண்டும், அடுத்தவன் வரும்போது மூட வேண்டும் என்றால் எப்படி?

புதிதாகத் தொழிற்சாலை கட்ட வருகிற வெளிநாட்டுப் பணத்தையும், ஓடிக்கொண்டிருக்கிற தொழிற்சாலையை வாங்க வருகிற பணத்தையும் பிரிக்க வேண்டும் என்று முடிவானது இந்தச் சண்டையில்தான். முதலாவது கிரீன்ஃபீல்ட், இரண்டாவது பிரவுன்ஃபீல்ட். முதலாவது வந்தால் நாட்டில் ஒரு கம்பெனி கூடுகிறது. இரண்டாவதில் ஒரு கம்பெனிகூடக் கூடுவதில்லை, முதலாளிதான் மாறுகிறார், பணமும் பெரும்பாலும் பழைய முதலாளியின் கைக்குப் போகிறது. இத்தனை எளிமையான வித்தியாசத்தைச் சட்டப் புத்தகத்தில் எழுத 2011 நவம்பர் வரை ஆனது. அதன் பிறகு மருந்துத் துறையில் பிரவுன்ஃபீல்ட் என்றால் அரசின் முன் அனுமதி வேண்டும். ஆறு மாதத்துக்கு மட்டும் வெளிநாட்டு முதலீட்டுக்கு அனுமதி தருகிற அரசு வாரியம் பார்க்கும், பிறகு போட்டி ஆணையம் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னார்கள். ஆறு மாதம் வருடங்களாக நீண்டது.

2013 ஆகஸ்டில் சாந்தகுமார் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு, ஓடுகிற மருந்து கம்பெனிகளை வெளிநாட்டார் வாங்குவதை முழுவதுமாகத் தடை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே ஆகஸ்டில் ரூபாய் மதிப்பு சரிந்து டாலருக்கு 68ஐத் தாண்டியது. அடுத்த மாதமே பெங்களூரு ஸ்ட்ரைட்ஸின் ஊசி மருந்து நிறுவனமான அகிலாவை மைலன் 160 கோடி டாலருக்கு வாங்க அமைச்சரவைக் குழு அனுமதி கொடுத்தது. ரூபாய் அப்படி விழுந்துகொண்டிருக்கும்போது 160 கோடி டாலரை வேண்டாம் என்று சொல்ல எந்த அரசாங்கத்துக்கும் மனம் வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

விலை ஏறிவிடும் என்பதுதான் மேடைகளில் அதிகம் கேட்ட பேச்சு. எனக்கு அது பலவீனமான வாதமாகத்தான் படுகிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறவற்றுக்கு 2013 விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உச்சவரம்பு இருக்கிறது, முதலாளி யாராக இருந்தாலும் அதற்கு மேல் விற்க முடியாது. எந்தப் புது மருந்தைச் செய்வது, யாருடைய காப்புரிமையோடு மோதுவது என்பதற்குத்தான் உச்சவரம்பும் இல்லை, ஆணையும் இல்லை.

இதற்கு நெக்ஸாவரை விடத் தெளிவான உதாரணம் கிடையாது. சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான அந்த மருந்தை ஜெர்மனியின் பேயர் மாதத்துக்கு 2,80,428 ரூபாய்க்கு விற்றது. 2012 மார்ச்சில் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச். குரியன், ஹைதராபாதின் நாட்கோவுக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமைக்காரரின் சம்மதம் இல்லாமலே தயாரிக்கிற அனுமதி, கொடுத்தார், மாத விலை 8,880 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு. பேயர் மேல்முறையீடு செய்தது சென்னையில் இருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தில். தலைவராக இருந்த நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அமர்வு 2013 மார்ச்சில் உரிமம் செல்லும் என்றது, நாட்கோ பேயருக்குத் தர வேண்டிய ராயல்டியை மட்டும் 6லிருந்து 7 சதவீதமாக்கியது. கட்டாய உரிமம் என்பது சட்டத்தில் அருமையான ஆயுதம். ஆனால் எனக்குக் கொடுங்கள், நான் தயாரிக்கிறேன் என்று மனுவோடு ஒரு கம்பெனி வந்து நிற்க வேண்டும். நாட்கோ வந்து நின்றது. நாட்கோவை அதற்கு முன்பே ஒரு பன்னாட்டு கம்பெனி வாங்கியிருந்தால் அந்த மனுவில் யார் கையெழுத்துப் போட்டிருப்பார்?

சரி, உள்நாட்டு முதலாளி என்றால் எல்லாம் நன்றாக இருக்குமா என்றால், இல்லை. ரான்பாக்ஸி கதையின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆக மாட்டேன். விற்பனை அறிவித்த மூன்றே மாதத்தில், 2008 செப்டம்பரில், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ரான்பாக்ஸியின் பாவண்டா சாகிப், தேவாஸ் ஆலைகளில் இருந்து வந்த 30க்கும் மேற்பட்ட மருந்துகளைத் தடுத்து நிறுத்தியது. பரிசோதனை முடிவுகளில் பொய் இருந்தது. 2013ல் ரான்பாக்ஸியின் அமெரிக்கப் பிரிவு குற்றத்தை ஒப்புக்கொண்டு, 50 கோடி டாலர் கட்ட ஒத்துக்கொண்டது. பழைய முதலாளிகளான சிங் சகோதரர்கள் விஷயத்தை மறைத்து விற்றார்கள் என்று டாய்ச்சி சிங்கப்பூர் நடுவர் மன்றத்துக்குப் போய் 2016ல் 2,562 கோடி ரூபாய்க்குத் தீர்ப்பு வாங்கியது. அதற்கு முன்பே, 2014ல் ரான்பாக்ஸியை சன் பார்மாவுக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டு, 2015ல் ஜப்பான்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். இந்தியக் கொடி பறந்த காலத்தில்தான் அந்தப் பொய்கள் எழுதப்பட்டன. மருந்துத் தரத்தைப் பார்க்க வேண்டிய நம் அமைப்புகள் பார்க்கவில்லை, வேறொரு நாட்டின் அமைப்புதான் பார்த்தது. அதனால் ‘நம்ம கம்பெனி’ என்கிற பாசத்தை மட்டும் வைத்து இந்த விஷயத்தில் முடிவெடுக்க முடியாது.

ஆர்க்கிட் விற்ற பிரிவுக்கு என்ன ஆனது என்பதும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ஆலை, ஊசி மருந்து செய்கிற இடம். 2010ல் ஹோஸ்பிரா கைக்குப் போனது. 2015ல் ஹோஸ்பிராவையே ஃபைசர் வாங்கியது, அது அமெரிக்காவில் நடந்த சுமார் 1,700 கோடி டாலர் பேரம், அதில் இருங்காட்டுக்கோட்டை ஒரு சிறு துண்டு. 2019 ஜனவரியில் ஃபைசர், தேவை குறைந்துவிட்டது, இனி நடத்துவது கட்டுப்படியாகாது என்று சொல்லி இருங்காட்டுக்கோட்டையிலும் ஔரங்காபாதிலும் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இரண்டு இடத்திலும் சேர்த்து சுமார் 1,700 பேர் வேலை. ஆர்க்கிட்டிடமே இருந்திருந்தால் ஓடியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன், ஆர்க்கிட்டே பின்னால் கடனில் மூழ்கித் திவால் சட்டத்தின் கீழ் போய் வேறு கை மாறிய கம்பெனி. ஆனால் உலகம் முழுக்க டஜன்கணக்கில் ஆலை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு ஆலையை மூடுவது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. ஶ்ரீபெரும்புதூர் பக்கம் வீட்டுக்கடன் வாங்கிக் குடியேறின ஒரு குடும்பத்துக்கு அது அப்படி இல்லை, பேசலாம் என்றால் முடிவெடுத்தவர் இருக்கிற ஊருக்கு அவர்களால் போகவும் முடியாது.

அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கியிருந்தால் ஸ்ட்ரிப்பில் ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’ என்ற பொருளில் அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1994ல் தொடங்கின தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கித் தருவது அது. பல மாநிலங்கள் வந்து பார்த்து நகல் எடுத்த ஏற்பாடு. அதன் பலமே ஒரு மருந்துக்குப் பல பேர் போட்டி போட்டு விலை சொல்வதுதான். தயாரிக்கிறவர்கள் குறைந்தால், அல்லது தயாரிக்கிறவர்களுக்கு இந்தச் சின்ன லாப டெண்டரில் ஆர்வம் போய்விட்டால், எத்தனை நல்ல டெண்டர் முறையும் ஒன்றும் செய்ய முடியாது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிற சர்க்கரை மாத்திரைக்கும் மும்பையில் போடப்படுகிற கையெழுத்துக்கும் இந்த வழியில் தொடர்பு உண்டு.

2014ல் அரசு ஒரு நல்ல விதியைச் சேர்த்தது: விற்கிற முதலாளி இனிமேல் அதே தொழிலில் போட்டிக்கு வரமாட்டேன் என்று எழுதிக்கொடுக்கும் ஷரத்து, சிறப்புக் காரணம் இருந்தாலொழிய, கூடாது. நான் இதை முக்கியமாக நினைக்கிறேன். கம்பெனியை விற்றவர் திரும்ப வந்து இன்னொரு கம்பெனி தொடங்கலாம், இன்னொரு எதிர்மனு போடலாம் என்ற வாய்ப்பையாவது அது காப்பாற்றுகிறது. ஆனால் 2016 ஜூனில் கதவு வேறு பக்கம் அகலமானது: 74 சதவீதம் வரை வாங்க அனுமதியே கேட்க வேண்டாம், அதற்கு மேல் போனால் மட்டும் கேட்டால் போதும். ஐந்து வருடத்துக்கு அத்தியாவசிய மருந்து உற்பத்தியைக் குறைக்கக்கூடாது, ஆராய்ச்சிச் செலவைக் குறைக்கக்கூடாது என்று நிபந்தனைகள் மட்டும் கூட வந்தன.

இந்த 74 எப்படி வேலை செய்கிறது என்று அடுத்த வருடமே பார்த்தோம். சீனாவின் ஃபோசுன், ஹைதராபாதின் கிளாண்ட் பார்மாவில் 86 சதவீதத்தை 126 கோடி டாலருக்கு வாங்குவதாக 2016ல் சொன்னது. 74க்கு மேல் என்பதால் கோப்பு டெல்லிக்குப் போய் அங்கேயே கிடந்தது. 2017 கோடையில் டோக்லாம் எல்லைப் பகுதியில் இந்திய, சீன ராணுவங்கள் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தன. கடைசியில் ஃபோசுன் அளவைச் சரியாக 74 சதவீதமாகக் குறைத்து, 109 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது, அனுமதி தேவையே இல்லாமல் போனது. கம்பெனி முழுதாக அவர்கள் கட்டுப்பாட்டில்தான். 86ஆக இருந்தாலும் 74ஆக இருந்தாலும் முடிவெடுக்கிற மேசை ஒரே இடத்தில்தான் இருக்கும். சீனா போன்ற எல்லை நாடுகளுக்கு எல்லா முதலீட்டுக்கும் முன் அனுமதி என்ற விதி 2020 ஏப்ரலில்தான் வந்தது, அதுவும் எந்த நாட்டுப் பணம் என்று பார்த்ததே தவிர எந்தத் தொழில் என்று பார்க்கவில்லை.

2023 ஆகஸ்டில் சிப்லாவின் பெயர் வந்தது. ஹமீத் குடும்பம் தங்களிடம் இருந்த மூன்றில் ஒரு பங்கை விற்க யோசிக்கிறது, அமெரிக்க முதலீட்டு நிறுவனம் பிளாக்ஸ்டோன் கேட்கிறது, அகமதாபாதின் டோரண்ட்டும் கேட்கிறது என்று செய்திகள். காங்கிரஸின் ஜெய்ராம் ரமேஷ் வருத்தப்பட்டு எழுதினார், 1935ல் குவாஜா அப்துல் ஹமீத் தொடங்கின கம்பெனி அது, வருத்தம் நியாயமானது. அந்த விற்பனை நடக்கவில்லை, சிப்லா இன்றைக்கும் அதே கையில் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்றைக்கு ஹமீத் குடும்பத்தின் பங்கு 33 சதவீதம், பங்குச் சந்தை விதிப்படி வாங்குகிறவர் மற்றவர்களிடம் கேட்க வேண்டியது இன்னொரு 26 சதவீதம், மொத்தம் 59. சந்தைப் போட்டி எப்படி மாறும் என்று போட்டி ஆணையம் ஒருமுறை பார்த்திருக்கும். ஆனால் 350 டாலருக்கு எய்ட்ஸ் மருந்து கொடுத்த கம்பெனி ஒரு வெளிநாட்டு நிதியின் கைக்குப் போகலாமா என்று கேட்க, 74 சதவீத விதிப்படி, டெல்லியில் எந்த மேசைக்கும் அந்தக் கோப்பு வந்திருக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.